ஓடாத வண்டியின் டயர்கள்

ஓடாத வண்டிக்குப் புது டயர் வேண்டுமோ என்னும் வினா கலாசாலைச் சஞ்சிகைக்கு ஏற்ற விஷயமன்றென்று நேயர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், 2024-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் முழுவதும் எம் உள்ளத்தை அலைக்கழித்தது அவ்வினா ஒன்றேயாதலின், அதனையே ஈண்டு வரையத் துணிந்தோம்.

வண்டி எம் தமையனாருடையது. பெங்களூர் ஸான் நிறுவனத்தார் 1998-இல் வெளியிட்ட ‘ஸ்டார்ம்’ என்னும் ஸ்போர்ட்ஸ் கார், இருவரே அமரலாம், எஞ்சின் பிரெஞ்சு நாட்டு ரெனோ, உடல் கண்ணாடியிழை. பிறர் ஓட்டியதை 2006-இல் விலைக்கு வாங்கிய தமையனார், ஞாயிறுதோறும் வைகறையில் திருத்தணி மலைப்பாதையில் ஒருமுறை ஏறி இறங்குவார். வேறெங்கும் அதனைக் கொண்டு செல்லார். பெட்ரோல் இட்ட நாள், ஓடிய தூரம், டயரின் காற்று ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தவறாது குறிப்பார். 2019-இல் அவர் காலஞ்சென்றபின், வண்டி அண்ணியார் வீட்டுத் தகரக் கொட்டகையில் நின்றது. மாதம் ஒருமுறை யாம் சென்று எஞ்சினை இயக்கித் தெருமுனைவரை ஓட்டி வருவதுண்டு.

சென்னையில் உத்தியோகம் கிடைத்த அண்ணன் மகன், “சித்தப்பா, இனி வாரந்தோறும் அப்பாவின் வண்டியிலேயே போய் வருகிறேன்” என்றான். அவனுக்கு அதில் இருந்த ஆசையை யாம் அறிவோம். மறுக்க மனம் எழவில்லை. முதலில் எம்முடன் மலைப்பாதையில் ஓட்டிப் பழகட்டும் என்றோம்.

அன்று சிறு தூறல். இறங்கும்போது ஒரு வளைவில் அவன் பிரேக்கை மெல்லவே மிதித்தான். வண்டி நிற்கவில்லை, ஈரத்தில் சறுக்கி, ஓரத்துக் கைப்பிடிச் சுவருக்கு இரண்டு முழம் இருக்கையில் நின்றது. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

பஸ் நிலையத்தருகே பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் காட்டினோம். அவர் டயரின் பள்ளங்களில் விரல் விட்டுப் பார்த்து, “ஐயா, பட்டன் புதுசாட்டம் இருக்கு, மாத்தினா காசுதான் தண்டம்” என்றார். அரக்கோணத்து டயர் வியாபாரியோ, போனிலேயே வயதைக் கேட்டுவிட்டு, “ஐந்தையும் மாற்றுங்கள்” என்றார். விற்பவன் மாற்றச் சொல்கிறான், விற்காதவன் வேண்டாமென்கிறான், யாரை நம்புவது? அண்ணியாரும், “அவர் பார்த்துப் போட்ட டயர், தம்பி, ஓடவேயில்லையே” என்றார். அச்சொல்தான் எம்மைப் பெரிதும் தடுத்தது.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் உண்டு. முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். எம் வண்டியில் அவை 3411, அதாவது 2011-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம். அவை ஓடியதோ நோட்டுப் புத்தகத்தின்படி 6,200 கிலோமீட்டரே.

பின்னர் ஸ்டெப்னியைக் கழற்றினோம். அதில் மூன்றே இலக்கங்கள்: 479. இரண்டாயிரத்துக்கு முற்பட்ட டயர்களுக்கு அவ்வாறே முத்திரையிடுவர். ஆக, அது 1999-இன் 47-ஆவது வாரத்தில் பிறந்தது. ஒருநாளேனும் தரையைத் தொடாதது. அச்சிலிருந்து வந்தபோதிருந்த ரப்பர் முடிகள்கூட உதிராமல் நின்றன. விரலால் தடவினோம், அவை உலர்ந்த வைக்கோல்போல் நொறுங்கின. பட்டன்களுக்கிடையே மயிரிழை வெடிப்புகள், நகம் அழுந்தவில்லை. ஓடியதனால் தேய்ந்ததென்று இதனைச் சொல்ல வழியேயில்லை.

காரணம் வியப்பானது. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு காய்ச்சி உறுதிப்படுத்தும் வழி கண்டார். அவ்வுறுதியைக் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் நாடோறும் அரித்துக்கொண்டேயிருக்கும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். கோடையில் வேலூரோடு போட்டியிடும் எம்மூர் வெயிலையும், அந்தத் தகரக் கொட்டகையையும் நேயர் நினைத்துப் பார்க்க. இவ்வரிப்பைத் தடுக்க டயரில் மெழுகும் சில இரசாயனச் சரக்கும் கலப்பர். டயர் உருண்டு நெளியுந்தோறும் அவை மேற்பரப்புக்கு வந்து பூச்சாகப் படரும். நின்ற டயருக்கு அக்காப்பும் குறைவு. எம்மூர் மலைக்குப் படிகள் 365, நாளுக்கு ஒன்றென்பர். வண்டியின் மீட்டர் கிலோமீட்டரை எண்ணிற்று. டயரோ படிகளையே எண்ணியிருக்கிறது.

இங்கிலாந்தில் 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில், இசைவிழாவிலிருந்து திரும்பிய பஸ்ஸொன்று ஸரே பகுதியில் முன் டயர் வெடித்து மரத்தில் மோதியதில் மூவர் மாண்டனர். அந்த டயரின் வயது 19, பஸ்ஸினும் மூத்தது. சட்டப்படி அதில் குற்றமில்லை, அந்நாளில் வயதுக்கு வரம்பின்மையால். மாண்ட இளைஞன் ஒருவனின் தாயார் பல்லாண்டு போராடியதன் பின்னரே, பஸ், லாரிகளின் முன்னச்சில் பத்தாண்டு கடந்த டயர் கூடாதென்னும் விதி 2021 பிப்ரவரியில் வந்தது. 2013-இல் நடிகர் பால் வாக்கர் மாண்ட போர்ஷே வண்டியிலும் டயர்கள் ஒன்பதாண்டு கடந்தவை. எனினும் விசாரணையாளர் முதற்காரணமாகக் கூறியது மிதமிஞ்சிய வேகத்தையே. டயர் செய்வோர் பலர், ஐந்தாண்டுக்குப்பின் ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்தாண்டானால் எவ்வளவு நன்றாகத் தோன்றினும் மாற்றவும் சொல்கின்றனர். வியாபாரி இலாபத்துக்காகச் சொல்லியிருக்கலாம், சொன்னது மெய்.

நொறுங்கிய முடிகளை ஒரு காகிதத்தில் வைத்து அண்ணியாரிடம் கொடுத்தோம். அவர் சற்று நேரம் பார்த்திருந்து, “மாற்றிவிடுங்கள், தம்பி. பிள்ளை போகிற வண்டி” என்றார்.

மறுநாள் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல் அரக்கோணம் சென்றோம். வழியில் இச்சிப்புத்தூரில் எம்.ஆர்.எப். தொழிற்சாலை. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர் என்பதை அண்ணன் மகனிடம் சொன்னோம். அவன் சாலையைவிட்டுக் கண்ணெடுக்காமல் ‘உம்’ கொட்டினான். இரண்டு மட்டும் மாற்றலாமா என்று கடையில் கேட்டதற்கு, “இரண்டே என்றால் புதியதைப் பின்னால் போடவேண்டும், ஆனால் முன்னால் உள்ளதும் அதே வயதுதானே” என்றார் வியாபாரி. ஸ்டெப்னி உட்பட ஐந்துக்கும் ரூ. 21,500 ஆயிற்று. பழையவற்றை வேறொருவர் பூட்டிவிடாதபடி பக்கச் சுவரைக் கீறச் சொன்னோம். கத்தி இறங்கும்போது யாம் வெளியே சென்று நின்றுகொண்டோம்.

வீடு திரும்பியபின் நோட்டுப் புத்தகத்தை எடுத்தோம். தமையனாரின் கடைசி வரியில் காற்று 30 என்றிருந்தது. அதன்கீழ்ப் புது இலக்கங்களை எழுதி, காற்று 30 என்று யாமும் குறித்தோம். அடுத்த பக்கம் முதல் அண்ணன் மகன் எழுதி வருகிறான். கையெழுத்து மட்டும் தந்தையினுடையதைப் போல அத்துணை அழகில்லை.