நன்னியின் குறிப்பேடும் நடுக்காட்டுக் கணினியும்

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. குழாயைத் திருகினால் நீர் வருகிறது. இவ்வாறு பழகிவிட்ட மனிதன், இவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்பதில்லை. கேட்கவேண்டிய தேவையும் அவனுக்கு நேர்வதில்லை. எனக்கு அத்தேவை நேர்ந்தது. இடுக்கி மாவட்டத்து ஏலமலைக் காட்டில், மின்கம்பி எட்டாத ஒரு தோட்டக் குடிலில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வாழ்ந்தபோது, ஒரு பழைய கணினி எனக்கு அப்பாடத்தைக் கற்பித்தது.

2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் தாய்மாமா நோயுற்றுப் படுத்தார். கம்பமெட்டு வழியாக மலையேறி, ஜீப்பு செல்லும் பாதை முடிந்தபின் நெடுந்தொலைவு நடந்தால் அவருடைய ஏலத்தோட்டம் வரும். அதைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாமையால் நான் சென்றேன். கைப்பேசிக்கு அலை வேண்டுமாயின் எதிர்க்குன்றின் பாறைமேல் ஏறி நிற்கவேண்டும். மாலையில் பறவைகள் அடங்கிவிட்டால் மழையின் ஓசையே துணை.

அங்கே நான் கொண்டுசென்றவற்றுள் குறிப்பிடத்தக்கவை இரண்டு. ஒன்று பழைய மடிக்கணினி. மற்றொன்று என் நன்னியின் குறிப்பேடு.

தாயைப் பெற்ற தாயை நாங்கள் நன்னி என்போம். நன்னி சிறுமியாக இருந்தபோது குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆயினும் அவர் எழுதினார். அரபு எழுத்துகளில் தமிழை எழுதினார். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளோடு புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து நம் முன்னோர் வகுத்த அரபுத்தமிழ் அது. பிறப்பு, இறப்பு, கைமருந்து, கொடுத்த கடன், வாங்கிய கடன், துஆ ஆகிய அனைத்தும் அக்குறிப்பேட்டில் இருந்தன. எங்கள் குடும்பத்தில் அதைத் தட்டுத்தடுமாறியேனும் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. எனவே இரவுதோறும் அதைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கணினியில் பதியலானேன்.

அக்கணினி 2009-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. புதிய இயக்க முறைமைகளைத் தாங்கும் வலிமை அதற்கில்லை. ஆகவே அதில் லினக்ஸை நிறுவியிருந்தேன். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991-இல் தொடங்கிய பணி அது. அடுத்த ஆண்டே, யாரும் பெறலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் பொது உரிமத்தின்கீழ் அதை அவர் வெளியிட்டார். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும் அதனோடு இணைந்தன. பொறியின் உள்ளறை எதுவும் பூட்டப்படவில்லை என்பதே அதன் சிறப்பு. இவ்வுண்மையை நகரத்தில் இருந்தபோது நூல்களிற் படித்திருந்தேன், காட்டிலேதான் உணர்ந்தேன்.

குடிலுக்கு மின்சாரம் தந்தது 100 வாட் சூரியத்தகடு ஒன்றும், 12 வோல்ட் 75 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒன்றும். பேட்டரியில் ஏறத்தாழ 900 வாட்-மணி அடங்கும். ஆயின் ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் விரைந்து குறையும். எனவே நான் செலவிடத் தக்கது 450 மட்டுமே. ஏலச்செடிக்கோ மரநிழல் வேண்டும். சூரியத்தகட்டுக்கோ நிழல் பகை. வெட்டவெளியான பாறையொன்றின்மேல் தகட்டை நிறுத்தினேன். முகில் கவிந்த நாளில் நூறு வாட்-மணிகூடத் தேறாது.

கணினி முதலில் 28 வாட் விழுங்கியது. எங்கே கசிகிறது என்று ஆராயத் தொடங்கினேன். பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 230 ஆக உயர்த்துகிறது. மின்னேற்றி அதை மீண்டும் 19 ஆகத் தாழ்த்துகிறது. ஏற்றி இறக்குவதில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. இன்வெர்ட்டரை நீக்கி, 12-ஐ நேரே 19 ஆக்கும் சிறு கருவியொன்றைப் பொருத்தினேன். பின்னர் லினக்ஸைத் திறந்து, என் அறிவின்றி உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஏவல்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். இல்லாத அச்சுப்பொறியைத் தேடும் ஏவல், கிட்டாத அலையைத் தேடும் ஏவல் எனப் பல இருந்தன. திரையின் ஒளியைக் குறைத்தேன். செலவு 13 வாட்டுக்கு இறங்கியது. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று பள்ளிப் பருவத்திற் கேட்ட போதனையின் பொருள் அன்று விளங்கியது.

வரைகலைத் திரையையே நீக்கி வெறும் எழுத்துத் திரையில் பணியாற்றினால் இன்னும் சிறிது மிஞ்சும். ஆயின் லினக்ஸின் வெறும் எழுத்துத் திரையில் தமிழ் தெரியாது. ஒவ்வோர் எழுத்தும் பொருளற்ற குறியாகவே நிற்கும். தமிழைக் காணவேண்டி அந்தச் செலவை ஏற்றுக்கொண்டேன்.

ஆகஸ்டு மாதம் பிறந்தது. கேரளம் மறவாத மழை அது. 9-ஆம் நாள், 26 ஆண்டுகளுக்குப்பின் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணைக் கதவு திறக்கப்பட்டது. மலைப்பாதைகள் சரிந்தன. சூரியன் முகங்காட்டவில்லை. அந்த ஈரத்தில் குறிப்பேட்டை வைத்திருந்த அட்டைப்பெட்டியைக் கறையான் அரித்திருந்ததை ஒருநாள் கண்டேன். தாள்கள் மண்ணாகியிருந்தன. பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்திருந்தேன். அப்படங்களையும் கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியில் இடமில்லையென்று அழித்திருந்தேன். ஆக, நன்னியின் எழுத்து எஞ்சியிருந்தது அக்கணினி ஒன்றில்தான். படியெடுத்து வைக்கத் தக்க வெளிவட்டு ஒன்று இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. நாளை செய்யலாம் என்று நான் தள்ளிப்போட்ட நாள்கள் பல.

இரு நாள் கழித்து, இரவில் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கையில் திரை இருண்டது. பேட்டரி தாழ்ந்ததும் அதைக் காப்பதற்காக மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி இணைப்பைத் துண்டித்துவிட்டது. கணினியின் சொந்தப் பேட்டரியோ முன்னரே செத்துப்போனது. கருவி தன் கடமையைச் செய்தது. நான்தான் என் கடமையைச் செய்யவில்லை. மறுநாள் சிறிது மின்னேறியபின் கணினியை இயக்கினேன். வட்டின் ஒழுங்கு குலைந்துள்ளது, கையால் சீர்செய்க என்னும் அறிவிப்போடு அது நின்றுவிட்டது.

வணிகக் குடும்பத்தார்க்கு இதை எளிதில் விளக்கலாம். கடையில் அன்றாட வரவுசெலவை முதலில் சிட்டையில் எழுதுவர். பிறகு பேரேட்டில் ஏற்றுவர். லினக்ஸின் கோப்பு முறைமையும் அவ்வாறே தான் செய்யவிருக்கும் மாற்றத்தை ஒரு சிட்டையில் குறித்துக்கொண்டே வட்டில் எழுதுகிறது. இடையில் மின்சாரம் போனாலும் சிட்டையைப் பார்த்துப் பெரும்பாலும் தானே நேர்செய்துகொள்ளும். முதிய வட்டு, பேரேட்டின் தாள்களே கிழிந்திருந்தன. அவ்விடத்து மனிதக் கை வேண்டும்.

சீர்செய்யும் கட்டளையை உடனே பிறப்பிக்க விரல்கள் துடித்தன. ஆனால் பழுதுபார்க்கும் நடுவில் மீண்டும் மின்சாரம் போனால் எஞ்சியதும் அழியும். கணினியை மூடிவைத்துவிட்டுச் சூரியனுக்காகக் காத்திருந்தேன். ஐந்து நாள்கள் விளக்குக்கும் மின்சாரம் எடுக்காமல் மெழுகுவத்தி ஒளியில் இருந்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியிருந்தது. சபுர் என்னும் சொல்லை எத்தனையோ முறை மேடையிற் பேசியவன் நான். அதன் எடையைத் தூக்கிப் பார்த்தது அந்த ஐந்து நாள்களில்தான்.

ஆறாம் நாள் வெயில் வந்தது. உச்சிப்பொழுதுக்குப்பின், விரற்கட்டையளவான நினைவுக் கோலில் வைத்திருந்த மீட்பு லினக்ஸால் கணினியை எழுப்பினேன். அதனுள்ளேயே கையேடும் இருந்தமையால் இணையமில்லாத இடத்தில் அதுவே ஆசிரியராயிற்று. முதலில் பழுதுற்ற வட்டை அப்படியே வெளிவட்டில் படியெடுத்தேன்; பின்பு அப்படியின்மீதே சீர்செய்யும் கட்டளையைச் செலுத்தினேன். அது முடிந்தபோது நான் வைத்திருந்த கோப்பு உரிய இடத்தில் இல்லை. பெயரிழந்த கோப்புகளைச் சேர்த்துவைக்கும் அறை ஒன்று லினக்ஸில் உண்டு. அங்கே பெயருக்கு மாறாக எண்களைத் தாங்கிய கோப்புகள் பல கிடந்தன.

மீட்பு லினக்ஸிலோ எழுத்துத் திரை மட்டுமே இருந்தது, தமிழ் தெரியாது. ஆகவே கோப்புகளின் உள்ளீட்டை எண்களாகக் காட்டுமாறு பணித்தேன். ஒருங்குறித் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் வட்டில் மூன்று எண்களாக அமர்கிறது. முதலெண் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. அகரம் 224, 174, 133. முதற்கோப்பு வெறும் சுழியங்கள். இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதைத் திறந்தேன். 224, 174, 170. 224, 174, 191. நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்த அட்டவணையோடு ஒப்பிட்டேன். முதலது பகரம், அடுத்தது இகரக் குறி. 'பி' என்று வந்தது. நன்னி தம் குறிப்பேட்டைத் தொடங்கியது 'பிஸ்மில்லாஹ்' என்றுதானே! என் கண்கள் நிறைந்தன.

எழுத்தறியாதவர் என்று ஊரார் நினைத்த பெண்மணி அரபு எழுத்தில் தமிழைக் காத்தார். காட்டிலிருந்த பொறி எண்களில் அதே தமிழைக் காத்தது. உடை எதுவாயினும் உள்ளிருந்தது ஒரே மொழி. அவ்வுடையைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் இல்லாவிடில் இரண்டும் வெறுங்கிறுக்கலாய்ப் போயிருக்கும்.

கடைசிநாள் தட்டச்சுச் செய்த சில பக்கங்களும், படங்களில் பாதியும் திரும்பவில்லை. எஞ்சியதை அச்சிட்டு மாமாவிடம் கொண்டுசென்றேன். அவர் பிறந்த நாளைப் பற்றி நன்னி எழுதியிருந்த பகுதியைப் படித்துக் காட்டினேன். படுக்கையில் கிடந்தவர் கண்மூடிக் கேட்டார். "அம்மா பேசுற மாதிரியே இருக்குப்பா, இன்னொரு தடவை படி" என்றார். மூன்று முறை படித்தேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கையிலுள்ள கருவி எதுவாயினும் அதன் உள்ளே நடப்பதைச் சிறிதேனும் அறிந்துகொள்ளுங்கள். உங்கள் இல்லத்து முதியோர் எழுதியவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு படிக்கு இரு படியாக வெவ்வேறிடங்களில் வையுங்கள். நம்மிடம் வந்து சேர்ந்த எழுத்து நமக்குச் சொந்தமன்று, அது அமானிதம். அதை ஒப்படைக்கவேண்டியவர்கள் நமக்குப் பின்னே வந்துகொண்டிருக்கிறார்கள்.