ஆயாவின் "உம்"

கஞ்சி போட்ட பருத்திப் புடவையின் வாசனை, புதுப்பட்டினத்தில் ஏ.சி. ஓடும் அந்த முன்னறையில் திடீரென்று மூக்கில் ஏறியது. எதிரே உட்கார்ந்திருந்தவள் பக்கத்து வீட்டுப் பெண், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு லைஃப் கோச் ஆகியிருப்பவள், "மாமா, முதல் செஷன் ஃப்ரீ" என்று ஆரம்பித்துத் தன் பேக்கேஜ்களை விவரித்துக்கொண்டே போக, நான் சதுரங்கப்பட்டினத்துத் திண்ணைக்குப் போய்விட்டேன்.

ஆயாவின் புடவையும் அப்படித்தான் மொடமொடக்கும். மஸ்லின் வாங்க வந்த டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் செங்கல் மதில்மேல் சாயங்கால வெயில் ஏறும் நேரத்தில், குப்பத்துப் பெண்கள் கூடையை இறக்கிவைத்து, புருஷனின் குடியையும் மகளுக்குத் தகையாத வரனையும் சொல்லி அழ, ஆயா இரும்பு உரலில் வெற்றிலை இடித்தபடியே "உம்" என்பாள், இடி நின்றால் மேலே சொல் என்று அர்த்தம், கடைசியில் "போய்ச் சாப்பிட்டுப் படு, நாளைக்குப் பேசிக்கலாம்" என்பதைத் தாண்டி அவள் புத்தி சொல்லி நான் கேட்டதில்லை.

அதே வாசனை கூடுவாஞ்சேரியிலும் உண்டு, சித்தி வீட்டுத் தெருவில் விடியுமுன் நெசவுப் பாவு நீட்டிக் கஞ்சி தடவுவார்கள். அந்த ஊரில், 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்தான் மனவளக்கலையைத் தந்த வேதாத்திரி மகரிஷி. தறியும் வியாபாரமும் சோறு போட்டன, 1958இல் உலக சமுதாய சேவா சங்கம் தொடங்கினார், ஆழியாறு அறிவுத்திருக்கோயில் வந்தது 1984இல்தான்.

செங்கல்பட்டில் அவருடைய மனவளக்கலை மன்றத்துக்குப் பெரியப்பா போவார். தைல வாடையும் வெள்ளை வேட்டியுமாகத் திரும்பி வந்து, கண்டக்டருக்கும் "வாழ்க வளமுடன்" சொல்லும் அந்த மனிதர், ஒரு நோட்டில் தன் கவலைகளை எழுதி, அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியம் செய்யலாமென்பவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என்று நான்காகப் பிரித்துக்கொண்டிருப்பார், யாரும் அவருக்கு வழி சொல்லவில்லை, அவரே எழுதி அவரே அடித்தார்.

எதிரே இருந்த இந்தக் கோச் பெண்ணின் திரையிலோ அம்புக்குறிகள் ஓடின, என்னிடம் அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பின் முதல்நிலைச் சான்றுக்கு 60 மணி நேரப் பயிற்சியும், 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்த அனுபவமும் வேண்டும் என்றாள். வரும்போது இருந்த கேலி அங்கேதான் எனக்குக் குறைந்தது, அந்த நூறு மணி நேரத்தில் பாதியாவது அவள் வாய் மூடியிருந்தாக வேண்டுமே.

நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கு உரிமம் கிடையாது, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். ஆயாவுக்குத் தென்னையும் கறவையும் இருந்தன, வேதாத்திரிக்குத் தறி இருந்தது. புதிதாக இறங்குகிறவர்கள் வேறொரு வருமானத்தைக் கொஞ்ச காலமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாத வாடகைக்கு அல்லாடுகிறவரால் அடுத்தவர் கவலையைக் கடைசிவரை கேட்க முடியாது.