இரவலாக வராத நூல்கள்

ஓர் ஊர் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை மற்றோர் ஊர் நூலகத்திலிருந்து வாசகனுக்காகத் தருவித்துக் கொடுக்கும் ஏற்பாட்டைப்போல் பரோபகாரமான காரியம் கல்வியுலகில் வேறொன்று உண்டா என்பது சந்தேகந்தான். முகமறியாத ஒருவனுடைய கோரிக்கைச் சீட்டை நம்பித் தம் அலமாரியிலுள்ள நூலைக் காகிதம் சுற்றித் தபாலில் அனுப்பிவைக்கும் நூலகர்களுக்கு நான் பெரிதும் கடன்பட்டவன். ஆயினும் அந்த ஏற்பாட்டுக்கு எல்லைகள் உண்டு என்பதையும், அவற்றுள் சில நியாயமானவை, ஒன்று மட்டும் நியாயமற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பல இடங்களில் கிடைக்கும் நூலே இரவலாகவும் எளிதில் வருகிறது. ஒரே பிரதியாக எஞ்சி நிற்பது வாசற்படி தாண்டுவதில்லை. ஆராய்ச்சியாளனுக்கு அவசியமாவது பெரும்பாலும் இரண்டாம் வகையே என்றாலும், அதனை அனுப்பத் தயங்குவதைக் குறை சொல்வதற்கில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வெளியான மாத இதழ்களின் பைண்டுத் தொகுதி ஒன்றைப் படிப்பறை மேஜையில் விரித்துப் பார்த்தவர்களுக்கு அத்தயக்கத்தின் காரணம் விளங்கும். அமிலம் ஊறிய அந்தக் காகிதம் பழுப்பேறி, மடிப்பு விழுந்த இடத்தில் ஒடிந்து, புரட்டுகிற விரலிலேயே ஓரம் பொடிப்பொடியாக உதிரும். தைத்த நூல் தளர்ந்து நடுத்தாள்கள் தனியே கையோடு வந்துவிடும். இத்தகையதைத் தபால் மூட்டையில் போடுவது பாதகம்.

இன்னோர் எல்லை இதனினும் நுட்பமானது. ஆசிரியர் பெயர், நூற்பெயர், ஆண்டு, இதழாயின் மலர் எண், பக்கம் ஆகிய இவ்வளவும் எழுதினால்தான் கோரிக்கைச் சீட்டு நகரும். ஆகவே, இருப்பதாக நமக்குத் தெரிந்ததைத்தான் கேட்க முடியும். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், வாசகர் அலமாரிகளுக்கிடையே தாமே நடமாடி நூல்களை எடுத்துப் பார்க்கவேண்டுமென்று வற்புறுத்தியதும், ஒரு பொருளோடு உறவுடைய நூல்கள் அடுத்தடுத்து நிற்கும்படி 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டதும், தேடாத நூலும் கண்ணில் படும் அந்தப் பாக்கியத்தை எல்லோருக்கும் அளித்தன. இரவலாக வரும் புத்தகமோ தன் சுற்றத்தைப் பிரிந்து தனியே வருகிறது. பக்கத்து நூலைப் பார்க்க நாம்தான் பயணம் போகவேண்டும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நூலையும் அனுப்பாமல், வேண்டிய பக்கங்களின் பிரதியையும் எடுத்துத் தராமல், "வெளியே தருவதற்கில்லை" என்ற ஒற்றை வரியோடு கடிதத்தை முடித்துவிடும் வழக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படியொரு கடிதம் எனக்கும் வந்ததுண்டு. பதிப்புரிமைச் சட்டத்தைக் காரணம் காட்டுவோர் உளர். ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் கடந்த எழுத்துக்கு அந்தத் தடை நம் நாட்டில் இல்லை. பிரதி எடுக்க இசையாத நூலகம் தன் செல்வத்தைக் காப்பதாக எண்ணுகிறது. உண்மையில் அதனை ஒரே கூரையின் பாதுகாப்புக்கு விட்டுவிடுகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்துபோயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவேயில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் ஆயுளெல்லாம் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும், அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் நூலகமாக அமைந்து, நுண்படச் சுருள்களில் பதிவாயின. மூலம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் உள்ளடக்கம் எங்கும் செல்ல வழி பிறந்தது.

நூலகப் பொறுப்பிலிருக்கும் பெரியோர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: அரிய நூலை அனுப்ப வேண்டாம், ஆனால் அனுப்ப இயலாதென்று எழுதும் அதே கடிதத்தில், கேட்ட பக்கங்களின் பிரதி எப்போது கிடைக்கும், அதற்கு என்ன செலவாகும் என்பதையும் எழுதிவிடுங்கள்.