ஹப்புத்தளை மேட்டில் 21 கிலோ மீற்றர்

மலைநாடு பார்க்கப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் நுவரெலியாவோடு திரும்பிவிடுகிறார்கள். வாவியைச் சுற்றி வந்து, பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி இறக்கி, லீக்ஸும் கரட்டும் வாங்கி வாகனத்தின் பின்னால் போட்டுக்கொண்டால் சுற்றுலா முடிந்தது. அதற்கப்பால் ஊவாப் பக்கம் இருக்கும் ஹப்புத்தளையைப் புகையிரத ஜன்னலால் பார்த்தவர்களே அதிகம். மலையின் விளிம்பில் தூக்கி வைத்தாற்போன்ற ஊர் அது. கடைத்தெருவிலிருந்து கொஞ்சம் நடந்தால் தெற்கே நிலம் சட்டென்று சரிந்துவிடும். வெகு கீழே சமவெளி நீலப் புகையாகத் தெரியும். 1893இல் புகையிரதப் பாதை இங்கே வந்து சேர்ந்தது. நிலையத்தின் உயரம் 1431 மீற்றர்.

இவ்வூரிலிருந்து தம்பேத்தன்னைத் தோட்டத்துக்கு ஒடுங்கிய பாதையொன்று போகிறது. தேயிலைத் தொழிற்சாலை வரை ஏறக்குறைய 10 கிலோ மீற்றர். அங்கிருந்து லிப்டன் சீட் எனப்படும் உச்சிக்கு இன்னும் 7. உச்சியின் உயரம் 1970 மீற்றர் அளவில். ஏறி முடித்து, வந்த வழியே 4 கிலோ மீற்றர் இறங்கினால் 21 ஆகிவிடும். ஓட்டக்காரர்கள் அரை மரதன் என்று சொல்வது இந்தத் தூரத்தைத்தான். சரியாகச் சொன்னால் 21.0975 கிலோ மீற்றர். 2024ஆம் ஆண்டு ரமழானுக்கு முன், மத்ரஸா விடுமுறை விட்ட கையோடு, இந்தப் பாதையில் அத்தூரத்தை நான் ஓடினேன். போட்டியும் இல்லை, பதக்கமும் இல்லை.

‘மௌலவி ஏன் ஓட வேண்டும்?’ என்று இதை வாசிக்கும் சகோதரிகள் கேட்கக் கூடும். ஊரிலும் கேட்டார்கள். தாடியும் தொப்பியுமாக ஒருவர் விடியற்காலையில் சப்பாத்து அணிந்து ஓடினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். உண்மையில் இதைத் தொடக்கி வைத்தவர் என் மனைவி. அவருக்குச் சீனி வியாதி என்று தெரிய வந்தபோது, ‘மருந்து பாதி, நடை பாதி’ என்று வைத்தியர் சொல்லியனுப்பினார். நடப்பது எங்கே? நம் ஊர்களில் ஆண்களுக்கு மைதானம் உண்டு, கடற்கரை உண்டு, ஒன்றுமில்லாவிட்டால் பள்ளிவாசல் வரை நடை உண்டு. பெண்களுக்கோ குசினியிலிருந்து கிணற்றடி வரைதான். முதல் இரண்டு வாரம் அவர் முற்றத்திலேயே சுற்றி வந்தார். பிறகு ஸுபஹ் தொழுததும் இருவருமாகப் பின்வீதியில் நடந்தோம். அந்த நடைதான் எனக்கு ஓட்டமாகியது.

வீதியில் பெண் நடக்கிறாளே என்று முகம் சுளித்தவர்களுக்கு நான் சொன்ன பதில் புதிதல்ல. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓடிப் பந்தயம் வைத்தார்கள். அன்னையவர்கள் வென்றார்கள். காலம் சென்று உடல் பருத்த பின் மறுபடியும் ஓடியபோது நபியவர்கள் வென்று, அன்றைக்கு இது சரியாகிவிட்டது என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். அபூதாவூதிலும் அஹ்மதிலும் உள்ள செய்தி இது. தோழர்களை முன்னே அனுப்பியதில் வெட்கத்தின் ஒழுங்கும் இருக்கிறது, ஓடியதில் அனுமதியும் இருக்கிறது. நம்மில் சிலர் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஸஃபாவும் மர்வாவும் குன்றுகள்தாம். பாலகனுக்குத் தண்ணீர் தேடி அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் அந்தப் பள்ளத்தில் ஆடையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உண்டு. இன்று ஹாஜிகள் ஏழு முறை போய் வரும் அத்தூரம் மொத்தம் 3 கிலோ மீற்றருக்குச் சற்று அதிகம். பச்சை விளக்குகளுக்கிடையே விரைந்து ஓடுவது ஆண்களுக்குத்தான் ஸுன்னத். பெண்கள் நடந்தால் போதும். ஆனால் ஆண்கள் அங்கே ஓடுவது ஒரு தாயின் ஓட்டத்தை நினைவுகூர்ந்துதான். வகுப்பில் ஹஜ் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் சற்று நின்றுதான் போவேன்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். வாரத்தில் மூன்று நாள் சிறு ஓட்டம், விடுமுறை நாளில் ஒரு நீண்ட ஓட்டம். வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே ஸூரத்துல் ஃபாத்திஹாவைத் திணறாமல் ஓத முடிந்தால் வேகம் சரி. ஆயத்தின் நடுவில் மூச்சு அறுந்தால் குறைக்க வேண்டும். நடப்பவருக்கும் இதே அளவுகோல்தான். சீனி வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மலையேறுமுன் தமது வைத்தியரைக் கேட்பது அவசியம். தசை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். மருந்தும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் சீனி தேவைக்கு மேல் இறங்கி நடுக்கமும் மயக்கமும் வரலாம். என் மனைவியின் பையில் நான்கைந்து இனிப்பும் பேரீச்சம்பழமும் எப்போதும் இருக்கும்.

நகரப் பள்ளிவாசலில் ஸுபஹ் தொழுதுவிட்டு, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் புறப்பட்டேன். மனைவியும் மகளும் மனைவியின் தம்பியும் முச்சக்கர வண்டியில் தொழிற்சாலை வரை போய், அங்கிருந்து உச்சிக்கு நடப்பதென்று ஏற்பாடு. முதல் 10 கிலோ மீற்றரில் பெரிய ஏற்றம் கிடையாது. மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் பாதை. குளிர் காதைக் கிள்ளியது. லயன்களிலிருந்து விறகுப் புகை எழுந்தது. ஒரு கோயிலில் மணி அடித்தது. வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் பாதையோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு சிறுவன் புத்தகப் பையோடு என் பக்கத்தில் நூறு யார் ஓடி, என்னை முந்திவிட்டு நின்று சிரித்தான்.

தம்பேத்தன்னைத் தொழிற்சாலை நீண்டு வெளுத்த கட்டடம். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய ஸ்கொட்லாந்து மளிகை வியாபாரி தோமஸ் லிப்டன் கட்டுவித்தது. பக்கத்தில் போனால் வாடிய கொழுந்தின் வாசனை மூக்கில் ஏறும். அங்கே தண்ணீர் குடித்து, ஒரு வாழைப்பழம் தின்றேன். அதன் பின்தான் மலை.

ஏற்றத்தில் பெரிய எட்டு வைப்பவன் சீக்கிரம் களைப்பான். எட்டைக் குறுக்கி, முதுகைக் கூனாமல், பார்வையைப் பத்தடி தூரத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். உச்சியைப் பார்த்துக்கொண்டு ஓடினால் அது விலகிக்கொண்டே போவதுபோலத் தோன்றும். மிகச் செங்குத்தான வளைவுகளில் நடந்தேன். நடப்பது தோல்வியல்ல, அந்த இடங்களில் என் ஓட்டத்துக்கும் நடைக்கும் வேகத்தில் அதிகம் வித்தியாசம் இருக்கவுமில்லை.

மூன்றாவது வளைவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக மலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கயிறு மாட்டிய பை, காலில் ரப்பர் செருப்பு. வயதான ஒருவர் என்னைக் கண்டு, “என்னங்க ஐயா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?” என்றார். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “இல்லம்மா, உடம்புக்காக ஓடுறன்” என்றேன். “நாங்க தெனமும் ஏறி எறங்குறோம், எங்களுக்கும் சீனி வருதுங்களே” என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெரட்டுக்களத்துக்கும் மலைக்கும் கொழுந்து மடுவத்துக்குமாக நாள் முழுதும் நடப்பவர் அவர். வேலைக்கு நடை, வீட்டில் கோதுமை மா ரொட்டி, மேலே சீனி போட்ட சாயத் தண்ணீர், ஓய்வு என்று ஒன்று கிடையாது. நம் வீட்டு மேசையில் ஆவி பறக்கும் தேநீர் இந்தக் கால்கள் ஏறிய ஏற்றம் என்று எழுதினால் அலங்காரமாகத் தோன்றும். ஆனால் மூச்சு வாங்க அந்த மேட்டில் நின்றபோது அப்படித்தான் எண்ணினேன்.

உச்சிக்கு இரண்டு கிலோ மீற்றர் இருக்கும்போது எங்களவர்களைப் பிடித்தேன். மகளும் மாமனும் முன்னே போக, மனைவி அபாயாவின் ஓரத்தை ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே சல்வாரும் சப்பாத்துமாக, ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தார். நான் ஓட்டத்தை நிறுத்தி அவரோடு நடக்கத் தொடங்கினேன். “நிக்காம போங்க. எனக்கு வழி தெரியும்தானே” என்றார். முகத்தைப் பார்த்தேன், வியர்வை இருந்தது, தளர்ச்சி இல்லை. போனேன்.

லிப்டன் அமர்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடமாம் அது. இப்போது அங்கே ஒரு வாங்கில் அவருடைய சிலை, கையில் கோப்பையோடு. காற்று ஆளைத் தள்ளியது. தெற்கே மலைகள் படிப்படியாக இறங்கிச் சமவெளியில் கரைந்தன. வானம் தெளிவாக இருந்தால் வெகுதூரம் தெரியும். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்திலிருந்து பனி ஏறி மூடிவிடுவதால், போக விரும்புவோர் காலையிலேயே போய்விட வேண்டும். நடக்க முடியாதவர்களை முச்சக்கர வண்டி மேலேயே கொண்டுபோய் விடும்; வெட்கப்படத் தேவையில்லை.

இருபது நிமிடத்தின் பின் மனைவி வந்து சேர்ந்தார். 7 கிலோ மீற்றரும் ஏற்றம். எங்கும் உட்காரவில்லை என்றாள் மகள். வந்தவர் முதலில் கேட்டது, ளுஹா தொழ இடம் எங்கே என்றுதான். தம்பியின் சால்வையைப் புல்லில் விரித்துக் கொடுத்தோம்.

மிச்சம் 4 கிலோ மீற்றர் இறக்கம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் தொடையை முறிக்கும். குதிகாலால் பிரேக் போடாமல், முழங்காலைச் சற்று மடித்து, பூனைபோல இறங்க வேண்டும். தெரிந்தும் முழுதாகச் செய்ய முடியவில்லை. எல்லாம் சேர்த்து ஓட்டத்துக்கு மட்டும் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. இளைஞர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

மூன்று நாளைக்கு அத்தஹிய்யாத்தில் உட்காருவதே பெரும்பாடாக இருந்தது. முச்சக்கர வண்டியில் இறங்கிய மனைவிக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் வழமைபோல அவர் நடக்கப் புறப்பட்டார்; நான் பாயில் இருந்தபடி ஸலாத்துக்குப் பதில் சொன்னேன்.