சாலை எங்கே போய் முடிகிறது?

கிள்ளைக்கு நல்ல சாலை வேண்டும், கூடுதல் ரயில் வேண்டும் என்று யார் கேட்டாலும் நானும் சேர்ந்து கேட்பேன். கூடவே ஒரு கேள்வியும் வைப்பேன்: அந்தச் சாலை எங்கே போய் முடிகிறது?

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிறவர்கள் கிள்ளை வழியாகத்தான் போகிறார்கள். சுற்றுலா வளர்கிறது, பேரூராட்சியும் வளர்கிறது. விழுப்புரம் - மயிலாடுதுறை ரயில்பாதை அகலப்பாதையாகி 2010இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. விழுப்புரம் - நாகப்பட்டினம் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்குகிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் வெளியூர்க்காரர் சீக்கிரம் வந்து சேர்வதும், உள்ளூரில் கடைசித் தெருவில் இருப்பவர் வெளியே போக முடிவதும் ஒன்றாகிவிடாது.

இந்தப் பகுதியின் இருளர் குடியிருப்புகளில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உப்பங்கழியில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் மக்கள். இறால் வெயிலில் காத்திருக்காது. நேரத்துக்குப் பேருந்து இல்லையென்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. பிள்ளைகளின் பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்ட அதிகாரிதான் தர வேண்டும். அதற்கு சிதம்பரம் போக வேண்டும். நாலு முறை அலைந்தால் நாலு நாள் வருமானம் போச்சு என்று ஓர் அக்கா எனக்குக் கணக்குச் சொன்னார். சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை, இடஒதுக்கீடு இல்லை. போக்குவரத்தும் கல்வியும் வேறு வேறு பிரச்சினை என்று இனி யாரும் எனக்குச் சொல்ல முடியாது.

ரயிலையும் பார்ப்போம். பெரிய வண்டிகள் நிற்காத சிறு நிலையங்களுக்கு பாசஞ்சர்தான் ரயில். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் நிறுத்திய பாசஞ்சர்களை மறுபடி விட்டபோது, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆகியிருந்தது. 2024 தொடக்கத்தில்தான் பழைய கட்டணம் திரும்பியது. இடையில் இருந்த ஆண்டுகளில் கூலி வேலைக்குப் போனவர்கள் இழந்ததை யார் கணக்கு வைத்தார்கள்? 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பயணம் பெரிய விஷயம். ஆனால் பேருந்தே வராத குடியிருப்பில் அந்த இலவசம் எப்படி ஏறி உட்காரும்?

சாலை உயிர்ப் பிரச்சினையும்கூட. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பிச்சாவரம் அருகே எம்.ஜி.ஆர். திட்டில் இருந்தவர்கள் தண்ணீரைக் கடந்துதான் கரை சேர வேண்டியிருந்தது. பலர் சேரவில்லை.

தோழர்களே, பாதை கேட்பது நமக்குப் புதிதல்ல. நந்தனாரை வாசலில் நிறுத்திய கதை சிதம்பரத்தின் கதை. இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்றோர் சென்னை சட்டமன்றத்தில் போராடியதன் பலனாக, பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் அரசாணை வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு சாலையைப் பெயர் சொல்லியே காக்கிறது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொதுப்பாதையில் போவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நடக்கும் உரிமையை வாங்கிவிட்டோம். நடப்பதற்குப் பாதை போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது நம் தலைமுறையின் வேலை.

இதை மாணவர்களே தொடங்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதிக்கென்று தமிழ்நாட்டில் 2024இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. உங்கள் பேரூராட்சியில் அந்த நிதியில் போட்ட சாலைகள் எவை, ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் வந்ததும் அந்தச் சாலைகளில் நடந்து பாருங்கள். ஊருக்கெல்லாம் பொதுவான சாலையை நம் கணக்கில் எழுதியிருந்தால் அப்போது தெரிந்துவிடும். பேருந்து வரும் நேரத்தையும் வராத நேரத்தையும் ஒரு மாதம் நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டோடு ஆட்சியரின் குறைதீர் நாளுக்குப் போங்கள்.

மனு எழுதும்போது அளவை ரயில் நிலையத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசிக் குடிசையிலிருந்து தொடங்குங்கள்.