மகாவலி சேரும் கடலின் கணக்கு

கண்டி நகரைச் சுற்றி வளைத்துக்கொண்டுதான் மகாவலி வடக்கே திரும்புகிறது. பேராதனைப் பாலத்தைக் கடந்து, கெட்டம்பேயில் கண்டி வாவியின் மிகைநீரைக் கொண்டுவரும் மெதஎலவைச் சேர்த்துக்கொண்டு, கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்லை, தென்னக்கும்புர என்று நகரின் மூன்று பக்கங்களையும் தொட்டுவிட்டு விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் இறங்குகிறது. 335 கிலோமீற்றர் ஓடும் இந்த ஆறு திருகோணமலைக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கம், கொட்டியாரக்குடாவில் கடலைச் சேர்கிறது. கண்டியிலிருந்து நீருக்கடியில் முருகைக்கல் பார்க்கப் போகிறவர்களும் திருகோணமலைக்குத்தான் போகிறார்கள். ஆனால் அவர்கள் போகும் வழி வேறு. மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஏறக்குறைய 180 கிலோமீற்றர் தார் வீதியில் போய், நிலாவெளியில் படகேறி, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாமலையில் இறங்குகிறார்கள். வீதியில் போகிறவருக்கு ஆறு மறந்துபோகிறது. முருகைக்கல்லைக் காக்க விரும்பும் தன்னார்வச் சுழியோடிகள் இந்த மறதியிலிருந்து விடுபட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுடைய பயணத்தின் பயன் கடலடியில் எதையாவது நட்டுவிட்டோ பிடுங்கிவிட்டோ வருவதில் தங்கியிருக்கவில்லை. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், அதே முறையில் எண்ணி எழுதிவரும் கணக்கில் தங்கியிருக்கிறது. அந்தக் கணக்கின் முதல் பக்கம் கண்டியில் எழுதப்பட வேண்டும்.

எண்ணுவது என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகில் மிகப் பரவலாகத் தன்னார்வலர்கள் கைக்கொள்ளும் முறை, 1996இல் தொடங்கிய ரீஃப் செக் என்ற அமைப்பினுடையது. முதல் உலகளாவிய கணக்கெடுப்பை அது 1997இல் நடத்தியது. நூறு மீற்றர் நீளமான அளவுநாடாவைக் கடலடியில் ஒரே ஆழத்தில் விரிப்பார்கள். அதில் இருபது மீற்றர் கொண்ட நான்கு துண்டுகளை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஐந்து மீற்றர் விட்டு, எடுத்துக்கொள்வார்கள். அரை மீற்றருக்கு ஒரு புள்ளியாக, நாடாவுக்கு நேர்கீழே இருப்பது உயிருள்ள கல்முருகையா, மென்முருகையா, அண்மையில் இறந்ததா, மணலா, சேறா, பாசியா என்று பதிவார்கள். ஒரு நாடாவுக்கு 160 புள்ளிகள். பிறகு ஐந்து மீற்றர் அகலப் பட்டையில் வண்ணத்துப்பூச்சி மீன், கிளிமீன், களவாய், சிங்கி இறால், கடல் முள்ளெலி, இராட்சதச் சிப்பி போன்ற சிலவற்றை மட்டும் எண்ணுவார்கள். களவாய் குறைந்தால் மீன்பிடி மிஞ்சிவிட்டது; பாசி பெருகினால் சத்துக்கழிவு வருகிறது அல்லது பாசி மேயும் மீன்கள் போய்விட்டன; சேற்றுப் புள்ளிகள் கூடினால் நிலத்திலிருந்து மண் இறங்குகிறது. ஒவ்வொரு உயிரும் ஒரு காரணத்தைச் சுட்டும்படி தெரிந்தெடுக்கப்பட்டிருப்பதுதான் இந்த முறையின் நுட்பம். இதைவிடவும் எளிய கருவி ஒன்று உண்டு. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் 2002இலிருந்து பரப்பிவரும் நிற அட்டை அது. முருகையின் நிறத்தை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டு எண்ணை எழுதினால் போதும். புறாமலையின் ஆழங்குறைந்த பாறைகளில் இதைச் செய்ய வாயுச் சிலிண்டர்கூடத் தேவையில்லை; முகமூடியும் சுவாசக் குழாயும் போதும்.

இப்படி எழுதிவைப்பதால் என்ன வந்துவிடும்? 1998ஐப் பாருங்கள். அந்த ஆண்டு இந்து சமுத்திரம் சூடேறி முருகைகள் வெளிறின. ஹிக்கடுவையில் ஏறக்குறைய பாதிப் பரப்பை மூடியிருந்த உயிர்முருகை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. கற்பிட்டிக் கடலின் பார் ரீஃப் பகுதியில், ஆழங்குறைந்த இடங்களில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தது ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. இவற்றை இன்று நாம் சொல்ல முடிவதற்குக் காரணம், நாரா எனப்படும் தேசிய நீரியல்வள ஆய்வு நிறுவனத்தின் அர்ஜான் ராஜசூரிய போன்றவர்கள் அழிவுக்கு முன்பே இறங்கி அளந்து வைத்திருந்தார்கள் என்பதுதான். மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்திலும் இப்படித்தான். 2016 வெளிறலில் அங்கே உயிர்முருகை 39 வீதமளவிலிருந்து 23 வீதமளவுக்கு இறங்கியது என்று சொல்ல முடிவது, தூத்துக்குடி ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அளந்ததால். கிழக்கிலங்கையின் நிலை வேறு. புறாமலை 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசிய பூங்காவானது. ஆனால் இடையில் போர்க்காலம் நீண்டு கிடந்தது. அளவுநாடாவோடு எவரும் விருப்பம்போல் இறங்கக்கூடிய கடலாக அது இருக்கவில்லை. 1998இன் சூட்டிலிருந்து திருகோணமலை முருகைகள் பெருமளவு தப்பின என்று அறிகிறோம். அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளில் அவை எப்படி இருந்தன என்பதற்குத் தொடர்ச்சியான பதிவு இல்லை. அந்த வெற்றிடத்தை இனி எவராலும் நிரப்ப முடியாது. இன்னொரு சான்று 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்காக நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. கடலுக்கு நேர்ந்த நட்டம் வழக்காகும்போது, நட்டத்துக்கு முன் கடல் எப்படி இருந்தது என்பதுதான் முதலில் எழும் கேள்வி. நல்ல நாளில் எழுதிவைக்காதவரிடம் கெட்ட நாளில் விடை இருக்காது.

விடுமுறைக்கு வரும் சுழியோடியின் கணக்கை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மீனின் இனத்தைத் துல்லியமாகச் சொல்வதில் தன்னார்வலர் தவறுவார். பெரும் பிரிவுகளைப் பதிவதில், முறையான பயிற்சிக்குப் பிறகு, அவருடைய எண்கள் விஞ்ஞானியின் எண்களுக்கு நெருங்கி வருகின்றன என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இந்தக் கேள்விக்கு மிகச் சிறந்த பதிலை மலையகத்திலேயே காணலாம். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் மழைமானி இருக்கிறது. தோட்டத்து அலுவலகத்தில் வேலை செய்தவர்கள், வானிலையியல் படித்தவர்கள் அல்லர், காலையில் மானியைப் பார்த்து எண்ணைப் புத்தகத்தில் எழுதினார்கள். தலைமுறைகளாக எழுதினார்கள். மலைநாட்டு மழையின் போக்கை ஆராயும் எவரும் இன்று அந்த எண்களைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. ஒரு நாள் பதிவில் பிழை இருக்கலாம். எண்பது ஆண்டுப் பதிவில் அந்தப் பிழை கரைந்துவிடுகிறது. கருவி ஒன்றாகவும் இடம் ஒன்றாகவும் நேரம் ஒன்றாகவும் இருந்ததால் வந்த பலம் அது. முருகைக்கல் கணக்குக்கும் வேண்டியது இதே ஒழுங்குதான். பொழுதுபோக்குச் சுழியோடிகளின் கண்ணைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதற்குத் திருகோணமலையே சாட்சி. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடித் தோழர் மைக் வில்சனும் 1956இல் கோணேசர் மலைக்கு அடியில் மூழ்கியபோது, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியில் கண்டார்கள். அடுத்த ஆண்டில் வெளிவந்த கிளார்க்கின் ‘தி ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்’ நூலில் அது பதிவாயிற்று. அவர்கள் தொல்லியலாளர்கள் அல்லர். கண்டதை எழுதினார்கள், படம் எடுத்தார்கள். அதனால் அது சான்றாக நிலைத்தது.

சுழியோடிகளே முருகைக்குக் கேடு என்பது இன்னொரு வாதம். போருக்குப் பின் புறாமலைக்குச் சனம் திரண்டு வந்தபோது, ஆழங்குறைந்த பாறைகளில் ஏறி நின்றவர்களின் காலடியில் கிளைமுருகைகள் நொறுங்கின. இதை மறுக்கவே முடியாது. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாத சுழியோடி செட்டைக் காலணியால் ஒரே உதையில் பல ஆண்டு வளர்ச்சியை உடைத்துவிடுவார். ஆகவே கணக்கெடுக்க வருகிறவரிடம் மீன்களின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் மிதப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தேறாதவர் படகில் இருந்து எழுதட்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் நாடா விரிக்கவும் கூடாது. இவற்றுக்கு மேலே என்னை உறுத்துவது வேறொன்று. வெளிநாட்டிலிருந்து பணம் கட்டி வருகிறவர் இரண்டு வாரம் எண்ணிவிட்டுப் போவார். தரவும் அவரோடு விமானமேறிவிடும். கரையில் இருப்பவர்களுக்கு, தங்கள் கடலைப் பற்றி யாரோ எழுதினார்கள் என்பது மட்டும் தெரியும். நிலாவெளியிலும் குச்சவெளியிலும் மூதூரிலும் சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கி வாழ்கிற தமிழரும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். கடலடியின் ஒவ்வொரு மேட்டையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அவர்கள். கூலி கொடுத்து அவர்களைக் கணக்கெடுப்பாளராக்கி, படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, ஒவ்வொரு பருவத்தின் எண்களையும் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒட்டாத எந்தத் திட்டத்தையும் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனிக் கண்டிக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் கடினமான மறுப்பு இருக்கிறது. கண்டியின் மண் கடலுக்குப் போவதே இல்லையே என்று நீர்ப்பொறியியலாளர் ஒருவர் சொல்லலாம். மேலே 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை அணை, பொல்கொல்லையில் 1976இன் தடுப்பணை, கீழே 1985இன் விக்டோரியா, அதற்கும் கீழே ரந்தெனிகலையும் ரந்தம்பேயும். மண் இவற்றின் வயிற்றில் தங்கிவிடுகிறது. பொல்கொல்லை தூர்ந்துபோனதே அதற்குச் சான்று. போதாததற்குப் புறாமலை கொட்டியாரக்குடாவுக்கு வடக்கே விலகி இருக்கிறது. குடாவின் வாயிலிலேயோ ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று திறந்து கிடக்கிறது. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அணைகள் பருமணலைப் பிடித்துவைக்கின்றன. ஆனால் களித்துகளில் நுண்ணியது வெள்ளத்தோடு வழிகிறது. நீரில் கரைந்த பசளைச் சத்தை எந்த அணையும் முழுமையாக வடிகட்டுவதில்லை. அணை பிடித்துவைத்த மணலும் ஒரு செய்திதான்: அது கரைக்கு வராததால் கரை மெலிகிறது. பொல்கொல்லையில் திருப்பப்படும் நீரின் ஒரு பகுதி உக்குவலை வழியாக அம்பன் கங்கைக்குப் போய், வயல்களைச் சுற்றி, அங்கிருந்தும் பசளையை எடுத்துக்கொண்டு மறுபடி மகாவலியில் சேர்கிறது. 1970களின் தொடக்கத்தில் முட்கிரீட நட்சத்திரமீன்கள் பெருகித் திருகோணமலை முருகைகளைத் தின்றன. நிலத்திலிருந்து வரும் சத்து நுண்பாசியைப் பெருக்கி அந்த மீனின் குஞ்சுகளுக்குத் தீனியாகிறது என்பது ஆய்வாளர் பலர் சொல்லும் விளக்கம். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு அல்ல. ஆற்று நீரின் கணக்கும் கடலடிக் கணக்கும் ஒரே தாளில் அருகருகே இருந்தால் நம் கடலைப் பொறுத்தவரை இதற்கு விடை தேடலாம். இன்று அவை வெவ்வேறு திணைக்களங்களின் அலுமாரிகளில் இருக்கின்றன.

மண் இழப்பு மலையகத்துக்குப் புதிய கவலை அல்ல. கோப்பிக்காகக் காடு வெட்டிய காலத்திலிருந்து, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டதிலிருந்து, சரிவுகள் திறந்தே கிடக்கின்றன. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பெயர்ந்து ஊர்களை மூடின. அந்தத் துயரத்தில் முதலில் நினைக்க வேண்டியவர்கள் இறந்தவர்களும் வீடிழந்தவர்களும். அதற்குப் பிறகாவது இந்தக் கேள்வியைக் கேட்கலாம்: அவ்வளவு சேற்றில் எவ்வளவு ஆற்றின் வாய்வரை போனது, குடாவின் முருகைகளில் அது படிந்ததா? சுழியோட்டப் பருவத்தின் குறை இங்கே தெரிகிறது. கிழக்குக் கடல் தெளிந்து கிடப்பது மேயிலிருந்து செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவமழையில் ஆறு பெருகிச் சேறு இறங்கும் மாதங்களில் எவரும் மூழ்குவதில்லை. அழுக்கு வரும் காலத்தில் சாட்சி ஊரில் இல்லை. இந்த இடைவெளியைக் கடலில் அடைக்க முடியாது, ஆற்றங்கரையில் அடைக்கலாம். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களும், கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் தெல்தெனியாவிலும் உள்ள பாடசாலைகளும், நீரின் கலங்கலை வாரந்தோறும் ஒரே இடத்தில் அளக்கலாம். கறுப்பும் வெள்ளையுமான தட்டொன்றை நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று எழுத ஒரு கயிறும் கொப்பியும் போதும். மேயில் நிலாவெளிக்குப் போகும் சுழியோடி அந்தக் கொப்பியின் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினால், எதைத் தேடுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக, கடல் சூடேறும்போது இந்தக் கணக்கால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி. வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு பாகை ஏறிச் சில வாரங்கள் நிலைத்தாலே முருகை தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளிறிவிடும். 2019இல் புறாமலையும் வெளிறியது. உலகின் நான்காவது பெரும் வெளிறல் நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. கரியமில வாயுவை நிலாவெளியில் யாரும் குறைத்துவிட முடியாது. கண்டியிலிருந்து வாகனத்தில் போய்வருவதே அதைச் சற்றுக் கூட்டும் என்பதும் மெய். ஆனால் வெளிறிய முருகை எல்லாம் இறந்துவிடுவதில்லை. சூடு தணிந்தபின் தெளிந்த நீரில் கிடப்பவை மீள்கின்றன. சேறும் பாசியும் மூடியவை மீளத் திணறுகின்றன. சூட்டின்மேல் நமக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் சேற்றின்மேல் அதிகாரம் இருக்கிறது, அதுவும் சரிவில் கல்வரம்பு கட்டுகிறவருக்கும் பசளையை அளந்து இடுகிறவருக்கும் இருக்கிறது. எந்த முருகை மீண்டது, எது மீளவில்லை, அதன்மேல் என்ன படிந்திருந்தது என்று பாறைவாரியாகச் சொல்லும் தாள் கைக்கு வந்தால், மண்ணரிப்பைத் தடுக்கும் வேலையை ஹங்குரன்கெத்தைச் சரிவில் தொடங்குவதா, அம்பன் கங்கை வயல்களில் தொடங்குவதா என்று விவசாயத் திணைக்களத்தோடு உட்கார்ந்து பேசலாம். அந்தத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில், ஆற்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.