மகரகமவில் ஒரு முற்பகல்

யாழ்ப்பாணத்திலிருந்து இராப் பயணமாகக் கொழும்பு வந்து சேர்ந்த நாம், புறக்கோட்டையில் 138 ஆம் இலக்கப் பஸ் வண்டியில் ஏறினோம். நுகேகொடையைக் கடந்து ஹைலெவல் வீதி வழியே மகரகமவை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு ‘அபேக்ஷா’ என்று பெயர். சிங்களத்தில் அதற்கு நம்பிக்கை என்பது பொருள்.

சிறுவர் விடுதியில், எமக்குத் தமக்கை முறையான ஒருவரின் ஏழு வயது மைந்தன் குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தான். எம்மைக் கண்டு புன்னகைத்தானாயினும், கைகளைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டான். அன்னையார் அவற்றை மெல்ல வெளியே எடுத்துக் காட்டினார். நகங்களில் கருமை படர்ந்திருந்தது. ஒவ்வொன்றின் குறுக்கேயும் இரண்டு பள்ளங்கள் உழுசால்போல் ஓடின.

“தம்பி, வருத்தம் விரலுக்கும் இறங்கிவிட்டதோ?” என்று அவர் கேட்டபொழுது எமக்கு விடை தெரியவில்லை.

அருகில் நின்ற தாதியார் விளக்கினார். புற்றுநோய் மருந்து விரைந்து பெருகும் கலங்களைத் தாக்குவது. நகத்தை ஆக்கும் வேர்ப்பகுதியின் கலங்களும் அத்தகையனவே. ஆதலால் மருந்து ஏற்றும்போது நக வளர்ச்சி சிறிது தடைப்பட்டுப் பின் தொடரும். தடைப்பட்ட இடமே பள்ளமாகத் தோன்றும். பிரெஞ்சு வைத்தியர் யோசேப் போ என்பவர், கடுநோய்க்குப் பின் தோன்றும் இத்தகைய வரிகளை 1846 ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளார்.

கைநகம் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். சிகிச்சை முடிந்து ஆறு மாதமளவில், பெரும்பாலும் பழைய நகம் நீங்கிப் புதியது வந்துவிடும்.

ஆயினும் கவனம் வேண்டும். நகங்களைக் குட்டையாக வைத்திருத்தல் நன்று. ஓரத்துத் தோலைப் பிய்த்தலாகாது. விரல் சிவந்து வீங்கினாலோ, சீழ் கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் வேளையில் சிறு புண்ணும் பேரிடராகலாம்.

சிறுவன் இதனையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னர்த் தன் பெருவிரலை எம்மிடம் நீட்டி, நுனிக்கு அருகிலிருந்த பள்ளத்தைத் தொட்டு, “மாமா, இது முதல் மருந்து, மற்றது இரண்டாவது. அடுத்த மருந்துக்கும் வரி வருமோ?” என்றான்.

“வரலாம், மகன். வந்தாலும் வளர்ந்து போய்விடும்,” என்றார் தாதியார்.

இரண்டாம் பள்ளத்தின் கீழே புதிய நகம் மெல்லிய பிறைபோல் வழுவழுப்பாக வெளிவந்திருந்தது. நாம் விடைபெற்ற வேளையிலும் அன்னையார் அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவன் கைகளை மறைக்கவில்லை.